எரிமலைத் தீவும் திருமலைச் சரிவும்

கர்நாடக மாநிலம் உடுப்பி மாவட்டத்திலுள்ள மால்பே கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தொலைவில், அரபிக் கடலில், செயின்ட் மேரி தீவுகள் அமைந்துள்ளன. காலையில் படகேறிச் சென்று மாலைக்குள் கரை திரும்பிவிடலாம். இவற்றுள் பயணிகள் மிகுதியாகச் செல்லும் தேங்காய்த் தீவின் நீளம் சுமார் 500 மீட்டர்; அகலம் சுமார் 100 மீட்டர். நிலையான குடியிருப்பு ஏதுமில்லை. ஆயினும், இச்சிறு நிலத்துண்டு இந்தியப் புவியியல் வரலாற்றின் முக்கியமான ஓர் ஏடாகும்.

2025 செப்டம்பரில், யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இந்தியாவின் 7 இயற்கை இடங்கள் சேர்க்கப்பட்டன. செயின்ட் மேரி தீவுக் கூட்டமும், திருப்பதியின் திருமலைக் குன்றுகளும் அவற்றுள் அடங்கும். ஒன்று கடலில் உள்ளது; மற்றொன்று மலையில் உள்ளது. எனினும், இரண்டும் நிர்வாகத்தின்முன் வைக்கும் கேள்வி ஒன்றே: மக்கள் வந்து காண்பதற்கும், காணும் பொருள் அழியாமல் நிற்பதற்கும் இடையே சமநிலை காண்பது எப்படி?

பாறைத் தூண்கள் உருவான விதம்

தேங்காய்த் தீவில் இறங்குவோர் முதலில் காண்பது, தச்சர் செதுக்கி அடுக்கியவை போன்ற பாறைத் தூண்களையே. பல தூண்கள் அறுகோண வடிவின. சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்திய நிலப்பகுதியும் மடகாஸ்கரும் பிரிந்த காலத்தில் வெளிப்பட்ட எரிமலைக் குழம்பு இறுகியதால் இவை தோன்றின. குழம்பு ஆறும்போது சுருங்குகிறது. சுருங்கும்போது மேற்பரப்பில் வெடிப்புகள் உண்டாகின்றன. வறண்ட ஏரிச்சேறு பிளப்பதும் ஏறத்தாழ இம்முறையிலேயே. வெடிப்புகள் படிப்படியாக உள்நோக்கி இறங்க, பாறை தூண்தூணாகப் பிரிகிறது. வட அயர்லாந்தின் ஜயண்ட்ஸ் காஸ்வே பாறைகளும் இவ்வாறு உருவானவையே.

இத்தீவில் இன்று எரிமலை ஏதும் உயிர்ப்புடன் இல்லை. இந்தியாவில் உயிர்ப்புடன் உள்ள எரிமலை அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவு ஒன்றே. அது குமுறியது 1787-இல் பதிவாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடங்கி, 1991-இல் மீண்டும் குமுறத் தொடங்கியது.

திருமலை காட்டும் இடைவெளி

சித்தூர், திருப்பதி மாவட்ட மாணவர்கள் புவியியல் பாடம் கற்க வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. திருமலை மலைப்பாதையின் சரிவில், கீழே மிகத் தொன்மையான கிரானைட் பாறையும், அதன்மேல் குவார்ட்சைட் அடுக்கும் சந்திக்கும் கோடு தெரிகிறது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 80 கோடி ஆண்டுக் கால வரலாறு காணப்படவில்லை. அக்காலத்துப் படிவுகள் அரித்துச் செல்லப்பட்டன, அல்லது படியவே இல்லை. புவியியலார் இதனை எப்பார்க்கியன் இணக்கமின்மை என்பர். மலைமேல் கோவிலுக்கு அருகிலுள்ள சிலாதோரணம் என்னும் இயற்கை வளைவு, காற்றும் நீரும் குவார்ட்சைட் பாறையை அரித்து உருவாக்கியதாகும்.

வருவாய் யாருக்கு, இழப்பு யாருக்கு?

படகுக் கட்டணம் எரிபொருளுக்கும் உழைப்புக்கும் விலையாகிறது. படகோட்டிகளும் கரையோரச் சிறு வணிகரும் அதனால் பயன் பெறுகின்றனர், இது வரவேற்கத்தக்கது. ஆனால், பாறையின் தேய்மானத்துக்கு அக்கட்டணத்தில் இடமில்லை. ஒருவர் தூணில் ஏறுவதாலும் பெயர் பொறிப்பதாலும் நேரும் சேதம் சிறிதே. பல்லாயிரம் பேர் செய்யும்போது அது பெரும் இழப்பாகிறது. வெட்டிய மரத்துக்கு ஈடாக மற்றொன்றை நடலாம். உடைந்த பாறைத்தூணுக்கு ஈடு இல்லை. மழைக்காலத்தில் படகுகள் நிற்கும் மாதங்கள் மட்டுமே தீவுக்கு ஓய்வளிக்கின்றன.

திருமலையில் சிக்கல் வேறு. 2021 டிசம்பரில், பெருமழையை அடுத்து மலைப்பாதையில் பாறைகள் சரிந்து சாலை சேதமுற்றது. நாள்தோறும் பல்லாயிரம் பக்தர்கள் செல்லும் பாதையில் உயிர்ப் பாதுகாப்பே முதற்கடமை. எனினும், சரிவை உறுதிப்படுத்தச் சிமெண்டுக் கலவை பூசும்போது, பாடநூலாக நிற்கும் பாறைமுகமே மறைந்துவிடக்கூடும்.

செய்யத்தக்கவை

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இவ்விடங்களைத் தேசியப் புவியியல் சின்னங்களாக அறிவித்துள்ளது. அவ்வறிவிப்பு மதிப்பை உணர்த்துமே தவிர, தன்னளவில் தண்டிக்கும் அதிகாரம் கொண்டதன்று. தொல்பொருட் சின்னங்களுக்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டம் காவலாக உள்ளது. புவி மரபிடங்களுக்கும் அத்தகைய காவல் தேவை என்பதை உணர்ந்து, சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் ஒரு வரைவு மசோதாவைப் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிட்டது.

சட்டத்துக்குக் காத்திராமல் மாவட்ட நிர்வாகங்கள் செய்யக்கூடியன சில உண்டு. ஒரே நேரத்தில் தீவிலிருப்போர் எண்ணிக்கைக்கு வரம்பு வகுக்கலாம். கட்டணத்தில் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கென ஒதுக்கலாம். மீனவ இளைஞர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சி அளித்தால், பாறையைக் காப்பதே அவர்களது வருவாய்க்கு வழியாகும். மலைப்பாதைப் பணிகளுக்குமுன் புவியியல் அறிஞர்களைக் கலந்து, சில மீட்டர் அளவிலேனும் பாறைமுகத்தைத் திறந்துவைத்துத் தமிழிலும் தெலுங்கிலும் விளக்கப் பலகை நிறுவலாம்.

இயற்கைச் சூழலைப் பாதுகாப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று அரசியலமைப்பின் 51-அ பிரிவு கூறுகிறது. ஒரு நாள் வந்து செல்பவருக்கும் அக்கடமை உண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகள் காத்த செல்வத்தை ஒரு தலைமுறையின் கவனக்குறைவால் இழத்தல் எவ்வகையிலும் வளர்ச்சியாகாது.