வீட்டோரம் கொல்லுப்பட்டறையா? முதலில் புகைக்கு வழி விடுங்கள்!



சொந்தத் தொழில், சொந்த இடம். வாடகை இல்லை. அரிவாள், மண்வெட்டி, கொழு என்று ஊரார் கொண்டுவரும் வேலையை வீட்டு வாசலிலேயே முடித்துக் கொடுக்கலாம். பழைய சாமான்களை வாங்கிப் போட்டே ஒரு சிறு பட்டறையை அமைத்துவிடலாம். நல்ல யோசனைதான். ஆனால், உலையில் நிற்பவர் ஒருவர். அந்தக் காற்றைச் சுவாசிப்பதோ குடும்பம் முழுவதும். இதை மறந்துவிடக் கூடாது.

இப்படியும் நடக்கலாம்

மழைக்காலம். சாரல் அடிக்கிறதென்று பட்டறையின் கதவையும் சன்னலையும் சாத்தியாயிற்று. உலையில் கரி கனன்று எரிகிறது. ஊதுசக்கரத்தைச் சுற்றும் மனைவிக்கு ஆறாம் மாதம்.

"என்னங்க, தலை கிண்ணுன்னு வலிக்குதுங்க. வாந்தி வர்ற மாதிரி இருக்கு."

"மாசமா இருந்தா அப்படித்தான் இருக்கும். இன்னும் ரெண்டு கொழுதான், சுத்து."

சற்று நேரத்தில் கணவருக்கும் தலை சுற்றுகிறது. மனைவிக்கு மசக்கை என்றால், கணவருக்குமா மசக்கை? இல்லை. இது உலை வாயுவின் வேலை.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயு உண்டாகிறது. இதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. அடுப்புக்கரியில் புகை குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று எண்ணாதீர்கள். புகையே தெரியாத தணலிலிருந்தும் இந்த வாயு வரும்.

நம் இரத்தம் பிராண வாயுவைப் பற்றிக்கொள்வதைவிட இந்த வாயுவை 200 மடங்குக்கும் மேலாக இறுகப் பற்றிக்கொள்கிறது. அதனால் உடலுக்குப் பிராண வாயு கிடைக்காமல் போகிறது. தாயின் இரத்தத்திலிருந்து கருவிலுள்ள குழந்தைக்கும் இது சென்றுவிடும். தாய் தேறிய பிறகும் குழந்தையின் உடலில் அதிக நேரம் தங்கும். மூக்கில் துணி கட்டுவதால் இந்த வாயு நிற்காது. காற்றோட்டம் ஒன்றே காப்பு.

பட்டறையை எப்படி அமைப்பது?

1. வீட்டுச் சுவரோடு ஒட்டாமல் தனியாக அமையுங்கள். காற்று பெரும்பாலும் எந்தத் திசையில் வீசுகிறதோ, வீட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளி இருந்தால் புகை வீட்டுக்குள் வராது.

2. கீற்றுக் கூரை வேண்டாம். ஒரு பொறி போதும். ஓடு அல்லது இரும்புத் தகடு போடுங்கள்.

3. எதிரெதிராக இரண்டு பக்கமாவது திறந்திருக்கட்டும். கீழே நல்ல காற்று நுழையவும், முகட்டில் சூடான காற்று வெளியேறவும் வழி வேண்டும். மழைக்குச் சாய்ப்பு இறக்குங்கள், கதவைச் சாத்தாதீர்கள்.

4. உலைக்கு மேல் இரும்புத் தகட்டால் கூண்டும் புகைபோக்கியும் வையுங்கள். குழாயின் குறுக்களவு 10 முதல் 12 அங்குலம் இருக்கட்டும். வளைவில்லாமல் நேராக ஏறி, முகட்டுக்கு மேல் 3 அடியாவது உயர வேண்டும்.

5. உலை எரியும்போது கூண்டின் வாயருகே ஓர் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை உள்ளே இழுக்கப்பட்டால் சரி. முகத்துக்குத் திரும்பினால் குழாயில் ஒட்டடை அடைத்திருக்கிறதா, காற்று நுழைய வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய சாமான் வாங்கும்போது

பட்டடைக்கல்லைச் சிறு சுத்தியலால் அங்கங்கே தட்டுங்கள். கணீரென்று ஒலித்துச் சுத்தியல் துள்ளினால் நல்லது. ஓர் இடத்தில் மட்டும் மந்தமாகக் கேட்டால் விரிசல் இருக்கலாம். தண்டவாளத் துண்டை வாங்கினால் கட்டாயம் ரசீது கேளுங்கள். திருட்டு இரயில்வே பொருளை வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

லாரியின் பழைய பிரேக் டிரம்மை உலையாக்குகிறவர்கள் உண்டு. அதில் ஒட்டியிருக்கும் தூளில் கல்நார் இருக்கலாம். ஊதாதீர்கள், உலர்ந்த துணியால் தட்டாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

சுத்தியல் பிடி ஆடினால் ஆப்பு வையுங்கள். உளியின் தலை காளான் போல விரிந்திருந்தால் தேய்த்துச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் சில்லு தெறித்துக் கண்ணில் பாயும்.

இவற்றை உலையில் போடாதீர்கள்

நாகப்பூச்சுள்ள குழாய், வாளி, தகடு ஆகியவற்றைக் காய்ச்சினால் வெண்புகை கிளம்பும். சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும். வாயில் உலோக ருசி தட்டும். வர்ணம் அடித்த பழைய இரும்பில் ஈயம் இருக்கலாம். பெட்ரோல், பூச்சிமருந்து இருந்த டிரம்மை வெட்டவும் வேண்டாம், காய்ச்சவும் வேண்டாம், வெடிக்கும்.

தாயும் சேயும்

கர்ப்பிணி ஊதுசக்கரம் சுற்றவோ, சம்மட்டி அடிக்கவோ வேண்டாம். "எங்க அம்மா அடிக்கலையா?" என்று கேட்கலாம். அடித்தார்கள். அதனால் பட்ட கஷ்டத்தை யார் எழுதி வைத்தார்கள்? கணவன்மாரே, அந்த மாதங்களுக்கு வேறு ஆள் துணை தேடுங்கள். கூலி கொடுத்தாலும் நஷ்டமில்லை.

பட்டறை விட்டத்தில் தூளி கட்டாதீர்கள். வெப்பக் காற்றும் புகையும் மேலேதான் தேங்கும். இரவில் குளிருக்காகத் தணலை அள்ளி வீட்டுக்குள் வைப்பதும் கூடவே கூடாது.

உலையருகே பருத்தித் துணியே உடுத்துங்கள். நைலான் உருகித் தோலில் ஒட்டும். முந்தானையை இறுக்கிச் செருகுங்கள். கண்ணாடி அணியுங்கள். காதில் அடைப்பான் வையுங்கள்.

ஆபத்து நேர்ந்தால்

- ஒரே நேரத்தில் இருவருக்குத் தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள். மயங்கியவரையும் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து 108க்குக் கூப்பிடுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். கர்ப்பிணியானால், தலைவலி நின்றுவிட்டாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.
- தீப்புண்ணில் 20 நிமிடம் குளிர்ந்த நீரை ஓடவிடுங்கள். மாவு, மை, பற்பசை வேண்டாம்.
- கண்ணில் சில்லு பாய்ந்தால் தேய்க்காதீர்கள். துணி நுனியால் எடுக்காதீர்கள். கண்ணை மூடி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.
- வெட்டுக்காயம் பட்டால் ரண ஜன்னித் தடுப்பூசி பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

உங்கள் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வரும்போது, "நாங்க உலை வச்சிருக்கோம்" என்று சொல்லி வையுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் முதல் மாதத்திலேயே சொல்லுங்கள்.

இரும்பைக் காய்ச்சிப் பிழைப்பது குடும்பம் நன்றாக இருக்கத்தானே! புகை வெளியே போகட்டும். நலம் உள்ளே தங்கட்டும்.