விரல் மூடாக் கையுறை

மும்பைப் பாண்டுப்பில் மார்கழி மாதத்திலும் கம்பளி உடை மிகுதியாகத் தேவைப்படுவதில்லை. தமிழ்நாட்டின் உதகமண்டலத்திலோ, குளிர்காலக் காலையில் புல்வெளிகளில் உறைபனி படிகிறது. அக்குளிரிலும் தேயிலை கொய்வோர்க்கும் எழுதுவோர்க்கும் விரல்நுனிகள் தடையின்றி இயங்க வேண்டும். அவர்களுக்கு ஏற்றது விரல் மூடாக் கையுறை.

கம்பளி இழைகள் இயல்பாகவே சுருண்டவை. அச்சுருள்களிடையே காற்று தங்குகிறது. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆதலால் உடல்வெப்பம் விரைந்து வெளியேறுவதில்லை. மணிக்கட்டு வெதுவெதுப்பாக இருந்தால், விரல்களுக்குச் செல்லும் குருதியும் குளிர்வதில்லை.

பின்னுவோர் முதலில் உள்ளங்கையின் சுற்றளவை அளந்து, அதற்கேற்ப ஊசியில் கண்ணிகளை ஏற்றுவர். நீள்சதுரமாகப் பின்னியபின் அதனை மடித்து, பெருவிரல் நுழைய இடைவெளி விட்டு, ஓரங்களைத் தைப்பர்.

நீலகிரிக்கெனத் தனிச் செம்மறி இனம் ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் உள்நாட்டு ஆடுகளும் மெரினோ முதலிய அயல்நாட்டு ஆடுகளும் கலந்து தோன்றிய அவ்வினம் மென்மையான கம்பளி தருவது. இன்று அது அருகிவிட்டது. உதகைக்கு அருகிலுள்ள சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையம் அதனைப் பேணி வருகிறது. கம்பளியைப் பயன்படுத்துவோர் இருந்தால்தான் ஆட்டை வளர்ப்போரும் இருப்பர்.

சொற்பொருள்
கொய்வோர் – பறிப்போர்
குருதி – இரத்தம்
கண்ணி – நூல் வளையம்
அருகுதல் – குறைதல்

வினாக்கள்
1. கம்பளி வெப்பத்தைக் காப்பது எவ்வாறு?
2. நீலகிரிச் செம்மறி இனம் எவ்வாறு தோன்றியது?
3. கம்பளியைப் பயன்படுத்துவதற்கும் ஆட்டினம் நிலைப்பதற்கும் உள்ள தொடர்பு யாது?

செயல்பாடு
உம் உள்ளங்கையின் சுற்றளவை நூலால் அளந்து எழுதுக.