பழைய வீடியோ கேம்களில் எது கெட்டது, எது கெடவில்லை

பழைய கேம் ஒன்றை இன்று மறுபடி எடுத்து ஆடுகிறவர்கள் பத்து நிமிடத்தில் ஒரு தீர்ப்புக்கு வந்துவிடுகிறார்கள்: "இது காலத்துக்கு நிற்கவில்லை." தீர்ப்பு பல சமயம் சரிதான். சொல்கிற காரணம்தான் பெரும்பாலும் தவறு. கிராபிக்ஸ் மட்டம், முகமெல்லாம் கட்டை கட்டையாக இருக்கிறது என்று கண்ணில் படுவதைச் சொல்கிறோம். கையில் நடப்பதைச் சொல்வதில்லை. தன்னுடைய கன்ட்ரோலரால் நன்றாகச் செய்ய முடியாத வேலையை ஒரு கேம் ஆடுபவரிடம் கேட்டிருந்தால், அது சீக்கிரம் கெட்டுவிடும். முடிந்ததை மட்டும் கேட்டிருந்தால் நாற்பது வருடமானாலும் நிற்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு, பழைய கேம்களைப் பற்றி நம்மிடையே உலவும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: கிராபிக்ஸ் பழசானால் கேமும் பழசாகிவிடும்

1983-இல் அமெரிக்க ஆர்கேடுகளுக்கு டிராகன்ஸ் லேர் வந்தது. டிஸ்னியிலிருந்து வெளியேறிய டான் ப்ளூத், கையால் வரைந்த முழு அனிமேஷனை அதற்குச் செய்து கொடுத்தார். படம் லேசர் டிஸ்க்கிலிருந்து ஓடியது. பக்கத்து மெஷின்கள் 25 சென்ட் கேட்டபோது இது 50 சென்ட் கேட்டது. அன்றைய மற்ற கேம்களில் சில புள்ளிகள்தான் மனிதன். இங்கே வீரன் ஓடுவதும் விழுவதும் சினிமாவாகவே இருந்தன. அந்தப் படத்தின் அழகு இன்றும் துளி குறையவில்லை.

ஆனால் ஆடிப் பாருங்கள். காட்சி ஓடும்போது சரியான நொடியில் இடமா வலமா, அல்லது வாளா என்று அழுத்த வேண்டும். தவறினால் சாவு. எதை எப்போது அழுத்த வேண்டும் என்று காட்சியைப் பார்த்துக் கணிக்கப் பல இடங்களில் வழியே இல்லை. செத்துச் செத்து மனப்பாடம் செய்ய வேண்டியதுதான். படம் எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு மோசமாக வயதான கேம் இது என்பது என் கணிப்பு.

அடுத்த வருடமே, 1984-இல், மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் டெட்ரிஸ் எழுதினார். அவரிடம் இருந்த எலக்ட்ரோனிகா 60 கணினியால் படம் வரையவே முடியாது. அடைப்புக்குறி எழுத்துகளைச் சேர்த்து வைத்துத்தான் கட்டைகளைக் காட்டினார். இடது, வலது, சுழற்று, கீழே விடு. ஆடுபவரிடம் அது கேட்டது இவ்வளவுதான். நின்டெண்டோவுக்காக 1989-இல் வந்த அதன் பதிப்பை, 2023 டிசம்பரில் அமெரிக்காவின் 13 வயதுச் சிறுவன் ஒருவன், புரோகிராமே தாங்காமல் திரை உறைந்து நிற்கும் நிலை வரை ஆடிக் காட்டினான். அவன் பிறப்பதற்கு இருபது வருடத்துக்கு முன்பு வந்த கேம் அது.

நடுங்கும் சுவர்களும் நெளியும் தரையும் கொண்ட முதல் பிளேஸ்டேஷனின் முப்பரிமாணப் படங்களையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். புள்ளிகளின் இடத்தை முழு எண்களாக மட்டுமே அந்த மெஷின் கணக்கிட்டது. சுவரின் மேல் ஒட்டும் படத்தைத் தூரத்துக்கு ஏற்றபடி சரிசெய்யவும் அதற்குத் தெரியாது. அது ஒரு குறைதான். இன்று சிறு குழுக்களாகக் கேம் செய்யும் இளைஞர்கள் அதே நடுக்கத்தைத் தங்கள் திகில் கேம்களில் வேண்டுமென்றே கொண்டுவருகிறார்கள். கேமைக் கெடுக்கும் குறையென்றால் அதை யாரும் தேடிப் போய்ச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

நம்பிக்கை: அப்போது நன்றாக இருந்ததாக நினைப்பது வெறும் ஞாபக மயக்கம்

இல்லை. அப்போது நிஜமாகவே வேறு மாதிரிதான் தெரிந்தது. 1991-இல் செகாவுக்காக வந்த சோனிக் கேமில் அருவி ஒன்று உண்டு. இன்றைய எல்சிடி திரையில் அது கம்பி கம்பியாக, ஒரு கோடு விட்டு ஒரு கோடு வரைந்ததுபோல் தெரியும். பிக்சர் ட்யூப் டிவியில், சாதாரண வயரில் இணைத்தபோது அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, பின்னால் இருப்பது தெரிகிற தண்ணீராக மாறின. வரைந்தவர்கள் அந்த டிவியைப் பார்த்துக்கொண்டேதான் வரைந்தார்கள்.

டக் ஹன்ட்டின் கதை இன்னும் தெளிவானது. 1984-இல் வந்த இந்த வாத்து சுடும் கேமை, நம் ஊரில் துப்பாக்கியோடு வந்த நகல் செட்டுகளில் ஆடியவர்கள் ஏராளம். டிரிக்கரை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கி முனையில் உள்ள சென்சார் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் குறி பட்டது என்று பொருள். இந்த வேலை பிக்சர் ட்யூபின் வேகத்தை நம்பி நடப்பது. எல்சிடி டிவியில் படம் தாமதமாக வரும், துப்பாக்கிக்கு எதுவும் தெரியாது. அதே கேசட்டை, அதே துப்பாக்கியை இன்றைய டிவியில் மாட்டினால் ஒரு வாத்தும் விழாது. இதில் கெட்டது கேம் இல்லை, வீட்டிலிருந்து போய்விட்ட டிவி.

நம்பிக்கை: அன்றைய கட்டுப்பாடுகள் எல்லாமே மோசம்

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். ஏனென்றால் இங்கே பாதி உண்மை இருக்கிறது.

1997 ஆகஸ்டில் நின்டெண்டோ 64-க்கு கோல்டன்ஐ 007 வந்தது. இங்கிலாந்தின் ரேர் நிறுவனம் செய்தது. 80 லட்சத்துக்கு மேல் விற்றது. ஒரே டிவியை நாலாகப் பிரித்து நான்கு பேர் சுட்டுக்கொண்ட அந்த ஆட்டம் ஒரு தலைமுறையின் மாலை நேரங்களை நிரப்பியது. இன்று அதே கன்ட்ரோலரில் எடுத்தால் கை திணறும். அதில் இருப்பது ஒரே ஒரு ஸ்டிக். வழக்கமான அமைப்பில் முன்னே நடப்பதும் அதுதான், திரும்புவதும் அதுதான். பக்கவாட்டில் நகர மஞ்சள் பட்டன்கள். துல்லியமாகக் குறி வைக்க வேண்டுமென்றால் இன்னொரு பட்டனைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில் நிற்க வேண்டும். நாலு பேர் சுட்டுக்கொள்ளும்போது படமே இழுத்து இழுத்து ஓடும். ஒரே ஆள் இரண்டு கன்ட்ரோலர்களைக் கைக்கு ஒன்றாகப் பிடித்து ஆடும் வசதியும் அந்தக் கேமிலேயே இருந்தது என்பதிலிருந்து, ஒரு ஸ்டிக் போதாது என்று செய்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒரு ஸ்டிக்கில் நடை, இன்னொன்றில் பார்வை என்ற இன்றைய முறையோடு 2000-இல் பிளேஸ்டேஷனில் ஏலியன் ரெசரக்ஷன் வந்தபோது, அதுவே கஷ்டம் என்று விமர்சனம் எழுதினார்கள். 2001-இல் எக்ஸ்பாக்ஸில் ஹேலோ வந்த பிறகுதான் அது எல்லோர் கைக்கும் பழகியது. கோல்டன்ஐ வாழ்ந்தது விடை தெரியாத காலத்தில். விடை கிடைத்ததும் அது முதுமையடைந்துவிட்டது. 2023-இல் எக்ஸ்பாக்ஸுக்கு இரட்டை ஸ்டிக் அமைப்போடு வந்த பதிப்பை ஆடினால், உள்ளே எது வாடாமல் இருக்கிறது என்பதும் தெரியும். கடினத்தை ஏற்றும்போது எதிரிகளை முரடாக்குவதோடு நிற்காமல், செய்ய வேண்டிய வேலைகளையே கூட்டும் அதன் அமைப்பு இன்றும் புதிதாக இருக்கிறது.

"அன்றைய சுடும் கேம் எல்லாம் அப்படித்தான்" என்பவர்கள் டூமை எடுத்துப் பார்க்க வேண்டும். அது 1993, கோல்டன்ஐக்கு நான்கு வருடம் மூத்தது. டூமில் மேலே கீழே பார்க்கவே முடியாது. மாடியில் நிற்கும் எதிரி நமக்கு நேராக இருந்தால் போதும், குண்டு தானே ஏறிப் போய்ப் படும். கீபோர்டுக்கு என்ன முடியுமோ அதை மட்டும் கேட்டார்கள். அதனால்தான் மூத்தது இன்று இளையதாக இருக்கிறது.

இதே தராசில் டூம் ரெய்டரை வைத்தால் பலர் எதிர்பாராத பதில் வரும். 1996-இல் இங்கிலாந்தின் கோர் டிசைன் செய்த இந்தக் கேமில் நாயகி லாரா, ஒரு டாங்கிபோல நின்ற இடத்தில் திரும்பி, முகம் பார்க்கும் திசையில் நடப்பாள். இது கெட்டுப்போன கட்டுப்பாடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அந்த உலகம் முழுக்கச் சம அளவுக் கட்டங்களால் ஆனது. விளிம்பில் நின்று ஒரு துள்ளல் பின்னே போனால், ஓடித் தாண்டத் தேவையான தூரம் சரியாகக் கிடைக்கும். கண்ணால் அளந்து, எண்ணி, பிறகு தாண்டுகிற கேம் அது. 2024 பிப்ரவரியில் வந்த மறுபதிப்பில் இன்றைய பாணிக் கட்டுப்பாடும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதில் ஓடுவது சுகம், ஆனால் அந்த அளவு கைக்கு வருவதில்லை. ஆடுபவர்கள் பலர் பழைய முறைக்கே திரும்பினார்கள். லாராவின் சண்டைகளுக்கும் சுவருக்குள் முட்டும் கேமராவுக்கும் வயதாகிவிட்டது, நடைக்கு வயதாகவில்லை.

அதே வருடம் வந்த சூப்பர் மாரியோ 64-இலும் நிலைமை இதுதான்: மாரியோவின் துள்ளல் இன்றும் கைக்கு இனிக்கிறது, படிப்படியாகத் தாவித் திரும்பும் கேமராதான் தொல்லை.

நம்பிக்கை: அன்று கேம் கடினமாக இருந்தது, அதுதான் தரம்

கடினத்துக்கு ஒரு விலைச்சீட்டு இருந்தது. ஆர்கேடில் ஆடுபவர் சீக்கிரம் செத்தால்தான் அடுத்த காசு விழும். கேப்காமின் கோஸ்ட்ஸ் அன் காப்ளின்ஸ் 1985-இல் வந்தது. ஒரு அடியில் கவசம் போகும், அடுத்ததில் உயிர் போகும். கடைசி வரை வந்தவரிடம் நடந்ததெல்லாம் மாயை என்று சொல்லி மறுபடி முதலிலிருந்து ஆடச் சொல்லும்.

வீட்டுக்குக் கேம் வந்தபோது காசு போய் வாடகைக் கடை வந்தது. அமெரிக்காவில் வார இறுதிக்கு கேசட்டை வாடகைக்கு எடுத்து இரண்டு நாளில் முடித்துவிட்டால் யார் விலை கொடுத்து வாங்குவார்கள்? 1994-இல் வந்த லயன் கிங் கேம், குழந்தைகள் படத்துக்குச் செய்யப்பட்டும் இரண்டாவது லெவலிலேயே குரங்குகளிடம் பிள்ளைகளைத் திணறடித்தது. வாடகைக்காரர்களைத் தடுக்கவே அதைக் கடினமாக்கச் சொன்னார்கள் என்று, செய்த வெஸ்ட்வுட் நிறுவனத்தின் லூயிஸ் காஸில் பின்னாளில் சொன்னார். அதே வருடம் வந்த கான்ட்ரா ஹார்ட் கோர் ஜப்பானில் மூன்று அடி தாங்கும். அமெரிக்கப் பதிப்பில் ஒரே அடியில் சாவு.

கடினமான கேம்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் காசுக்காக நீட்டிய கடினம் வேறு, ஆடுபவருக்குக் கற்றுக்கொடுக்கும் கடினம் வேறு. முதலாவதற்குத்தான் வயதாகிறது. நின்டெண்டோவின் ஸ்விட்சில் வரும் பழைய கேம்களில் இன்று சில நொடி பின்னே போகும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்த யாரும் கூச்சப்பட வேண்டாம்.

நம்பிக்கை: அந்தக் காலத்தில் பிழையே இல்லாமல் முழுசாக விற்றார்கள்

1980-இன் பேக்மேனில் 256-ஆவது லெவல் வந்தால் திரையின் வலது பாதி எழுத்துக் குப்பையாகும். லெவலை எண்ணும் கணக்கு நிரம்பி வழிந்ததால். 1996-இல் வந்த முதல் போகிமானில் பலத்த அடி விழும் வாய்ப்பைக் கூட்டுவதாகச் சொன்ன ஃபோகஸ் எனர்ஜி என்ற உத்தி, அந்த வாய்ப்பைக் குறைத்தது. பிழை இருந்தது. திருத்தி அனுப்பத்தான் வழி இல்லை.

நம்பிக்கை: பிற நாட்டவரைக் கேலிச்சித்திரமாக்கியது அன்று யாருக்கும் தவறாகத் தெரியவில்லை

நின்டெண்டோவின் பஞ்ச் அவுட் 1987-இல் வீட்டுக்கு வந்தது. ஆர்கேடில் வோட்கா டிரங்கென்ஸ்கி என்று பெயர் வைத்திருந்த ரஷ்யக் குத்துச்சண்டைக்காரரை சோடா பாப்பின்ஸ்கி ஆக்கியிருந்தார்கள். ஆக, அன்றே தெரிந்திருக்கிறது. பம்பாயிலிருந்து வரும் கிரேட் டைகரை மட்டும், தலைப்பாகையும் மாயக் குத்துமாக அப்படியே விட்டுவிட்டார்கள். அவருடைய தலைப்பாகையில் உள்ள ரத்தினம் குத்துக்கு முன்னால் மின்னும்; அதைக் கவனித்தால் தப்பிக்கலாம். ஆட்டமாக அது மிக நேர்த்தியான யோசனை. இந்தியன் என்றால் மாயக்காரன் என்ற சித்திரம்தான் இன்று உறுத்துகிறது. ஒரே பாத்திரத்தில் ஒன்று வாழ்கிறது, ஒன்று செத்துவிட்டது.

நம்பிக்கை: மறுபதிப்பு வந்தால் எல்லாம் சரியாகிவிடும்

நம் பிரவுசிங் சென்டர்களில் ஒரு காலத்தில் எந்தத் திரையைப் பார்த்தாலும் ஓடிக்கொண்டிருந்த வைஸ் சிட்டியும், சான் ஆண்ட்ரியாஸும், ஜிடிஏ 3-ம் 2021 நவம்பரில் புதுப்பொலிவு என்று சொல்லி மறுபடி வந்தன. முகங்கள் பொம்மையாகின. மழை, கண்ணை மறைக்கும் வெள்ளைக் கோடுகளாகக் கொட்டியது. சான் ஆண்ட்ரியாஸின் தூரத்துப் புகைமூட்டத்தை நீக்கிவிட்டார்கள். அந்த மூட்டம் பழைய மெஷினின் பலவீனத்தை மறைக்க வைத்ததுதான். ஆனால் அதுதான் ஒரு நகரத்திலிருந்து அடுத்ததற்குப் போவதை நெடும் பயணமாக உணரச் செய்தது. மூட்டம் போனதும் ஒரு மலையுச்சியில் நின்றால் மொத்த மாநிலமும் கைக்குட்டையளவில் தெரிந்தது. அவற்றை வெளியிட்ட ராக்ஸ்டார் மன்னிப்புக் கேட்டது. கடையிலிருந்து எடுத்திருந்த பழைய பதிப்புகளைக் கணினிக்குத் திரும்ப விற்பனைக்கு வைத்தது. பழைய வெளிச்சத்தையும் வானத்தையும் மீட்டுக் கொடுத்த அப்டேட் 2024 நவம்பரில்தான் வந்தது.

சைலன்ட் ஹில் 2 என்ற திகில் கேமுக்கும் இதேதான் நடந்தது. 2012 மறுபதிப்பில் அதன் மூடுபனி கலைந்துபோனது. செய்தவர்களுக்குக் கிடைத்தது இறுதி மூலநிரல் கூட இல்லை, முழுமையடையாத ஒரு பிரதி.

மறுபதிப்புகள் வரட்டும். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பதுதான் தவறு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் விற்கப்பட வேண்டும். வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று எந்தக் கடையிலும் விற்பனையில் இல்லை. எது கெட்டது, எது கெடவில்லை என்று அவற்றை ஆடிப் பார்த்துச் சொல்லும் வாய்ப்பே நமக்கு இல்லை. உங்கள் வீட்டுப் பரணில் பழைய கன்சோலோ கேசட்டோ துப்பாக்கியோ கிடந்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள். பிக்சர் ட்யூப் டிவி இன்னும் ஓடுகிறதென்றால், அதையும் வைத்திருங்கள்.