மலையேறும் ஜீப்பும் வாயு எரிபொருளும்

முன்னுரை

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே மலையேறும் சாலையில் பயணம் செய்தவர்கள், ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிச் செல்லும் ஜீப்புகளைக் கண்டிருப்பார்கள். அத்தகைய ஜீப் ஒன்று என் தாய்மாமாவிடம் இருந்தது. அதன் பெட்ரோல் இயந்திரத்தை வாயுவில் ஓடச் செய்ய 2003ஆம் ஆண்டு நாங்கள் முயன்றோம். அப்போது நான் இதே கல்லூரியில் இயற்பியல் இரண்டாமாண்டு மாணவன். இன்று இங்கேயே அப்பாடத்தைக் கற்பித்து வருகிறேன். அம்முயற்சியில் நான் கற்றவற்றையும், கற்ற ஒன்றை மறந்ததால் நேரவிருந்த விபத்தையும் மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஜீப்பின் குறை

அது மகிந்திரா நிறுவனம் தயாரித்த பழைய சி.ஜே.3பி வகை ஜீப். நான்கு சிலிண்டர்களும் ஏறத்தாழ 2.2 லிட்டர் கொள்ளளவும் கொண்ட பெட்ரோல் இயந்திரம் அதில் இருந்தது. சமவெளியில் நன்றாக ஓடும். ஆனால் தோட்டத்துக்குச் செல்லும் மண்பாதையில் செங்குத்தான வளைவு ஒன்று உண்டு. அங்கே வந்ததும் இயந்திரம் இருமி இருமி நின்றுவிடும். வண்டி பின்னோக்கி உருளாமல் இருக்க, சக்கரத்துக்குக் கட்டை போடுவதற்கென்றே ஓர் ஆள் பின்னால் நடந்து வருவார்.

இதன் காரணம் கார்புரேட்டரில் உள்ளது. கார்புரேட்டரின் ஒரு பக்கத்தில் சிறு கிண்ணம் இருக்கிறது. அதிலுள்ள பெட்ரோலின் மட்டத்தை ஒரு மிதவை காக்கிறது. மட்டம் தாழ்ந்தால் மிதவை இறங்கி ஊசி வால்வைத் திறக்கும்; உயர்ந்தால் மூடும். வண்டி சரிவில் சாயும்போது கிண்ணமும் சாய்கிறது. திரவமோ தன் மட்டத்தை விடுவதில்லை. எனவே மிதவை பொய்க்கணக்குக் காட்டுகிறது. ஒரு பக்கம் சாய்ந்தால் பெட்ரோல் அளவுக்கு மீறிச் சென்று இயந்திரம் மூச்சுத் திணறும்; மறுபக்கம் சாய்ந்தால் போதாமல் நின்றுவிடும்.

“மாப்ளே, நீ படிச்ச படிப்பை வச்சு இதுக்கு ஒரு வழி சொல்லேன்” என்றார் மாமா. நானும் நூலகத்தில் புத்தகங்களைப் புரட்டத் தொடங்கினேன்.

வாயுவின் இயல்புகள்

1910ஆம் ஆண்டு அமெரிக்க வேதியியலார் வால்டர் ஸ்னெல்லிங், பெட்ரோலிலிருந்து ஆவியாகி வீணாகும் வாயுக்களை ஆராய்ந்து, அவற்றுள் ஒன்று புரொப்பேன் எனக் கண்டார். 1950களில் சிகாகோ நகரில் நூற்றுக்கணக்கான பேருந்துகள் புரொப்பேனைக் கொண்டு ஓடின. நம் நாட்டில் எல்.பி.ஜி. எனப்படும் எரிவாயு, புரொப்பேனும் பியூட்டேனும் சேர்ந்த கலவையாகும்.

புரொப்பேனின் கொதிநிலை சுழிக்குக் கீழ் 42 டிகிரி செல்சியஸ். ஆகவே சாதாரண அழுத்தத்தில் அது வாயுவாகவே இருக்கும். ஆனால் மூடிய கலத்தில் அடைத்தால், 20 டிகிரி வெப்பநிலையில் வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் எட்டு மடங்கு அழுத்தத்திலேயே திரவமாகிவிடும். ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 270 லிட்டர் வாயுவைத் தரும். சிறிய கலத்தில் நிறைய எரிபொருளைச் சுமக்க முடிவது இதனால்தான்.

இயந்திரத்துக்குள் எரிபொருள் வாயுவாகவே செல்லுமாயின் மிதவையும் வேண்டாம், கிண்ணமும் வேண்டாம். வண்டி எப்பக்கம் சாய்ந்தாலும் வாயுவுக்கு மட்டம் என்பது இல்லை. மலைப்பாதை ஜீப்புக்கு இதைவிடப் பொருத்தமான எரிபொருள் ஏது என எண்ணி மகிழ்ந்தேன். அதன் ஆக்டேன் எண் 100-க்கு மேல் என்பதும், பெட்ரோலைப் போல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவாது என்பதும் என் மகிழ்ச்சியைப் பெருக்கின.

செலவுக் கணக்கையும் போட்டேன். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் வெப்பம் உண்டு. ஒரு லிட்டர் திரவ வாயுவில் ஏறத்தாழ 25 மெகாஜூல். ஆகவே ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஈடாக 1.28 லிட்டர் வாயு தேவை. லிட்டருக்கு 8 கிலோமீட்டர் ஓடும் வண்டி, வாயுவில் 6 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான் ஓடும். வாயுவின் லிட்டர் விலை பெட்ரோல் விலையில் 78 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால்தான் ஆதாயம். இந்தக் கணக்கை மாமாவிடம் காட்டியபோது அவர் முகத்தில் பெருமை தெரிந்தது. ஆனால் வாயுவின் அடர்த்தியை மட்டும் நான் அக்கணக்கில் சேர்க்கவே இல்லை.

பட்டறையில் நடந்தது

முறையான கருவிகளுக்கு ஆகும் செலவைக் கேட்டு மாமா தயங்கினார். வீட்டுச் சமையல் உருளையையே பின் இருக்கையில் கட்டி, ரப்பர்க் குழாய் மூலம் கார்புரேட்டரின் வாயில் வாயுவைச் செலுத்தித் தருவதாக ஒரு பட்டறையில் சொன்னார்கள். 2000ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் வாகனங்களுக்கு எல்.பி.ஜி. சட்டப்படி அனுமதிக்கப்பட்டிருந்தது, ஆனால் அதற்குரிய தொட்டியும் கருவிகளும் தனி. சமையல் உருளையை வண்டியில் பயன்படுத்துவது அன்றும் குற்றம், இன்றும் குற்றம். அது எனக்குத் தெரிந்திருந்தும் நான் தடுக்கவில்லை. என் கணக்கு மெய்யாவதைக் காணும் அவசரம் எனக்கு.

பட்டறையில் வண்டியின் அடியில் நின்று வேலை செய்ய ஒரு பள்ளம் இருந்தது. ஜீப்பை அதன்மேல் நிறுத்தியிருந்தார்கள். குழாய் பொருத்தியாயிற்று. சோதிப்பதற்காக உருளையின் வால்வைத் திறந்துவைத்திருந்தார்கள். பள்ளத்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் அடிப்பக்கத்தில் போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தான். வெளிச்சம் போதவில்லை என்று அவன் கைவிளக்குக் கேட்டான். விளக்கை அவன் கையில் கொடுத்துவிட்டு, அதன் வயரைச் சுவரிலுள்ள பிளக்கில் செருகப் போனவன் நான்.

அப்போது அவன், “அண்ணே, இங்க ஒரே கேஸ் நாத்தமா இருக்கே” என்றான். மேலே நின்ற எங்கள் யாருக்கும் வாடை தெரியவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த வயதான மேஸ்திரி, “யாரும் சுவிட்சைத் தொடாதீங்கடா!” என்று கத்தியபடி ஓடிவந்து உருளையை மூடினார், பையனின் தோளைப் பற்றி மேலே இழுத்தார். பிறகு எல்லாக் கதவுகளையும் திறந்துவைத்து, இரண்டு மணி நேரம் எவரையும் உள்ளே விடவில்லை.

புரொப்பேன் காற்றைப் போல் ஒன்றரை மடங்கும், பியூட்டேன் இரண்டு மடங்கும் கனமானவை. கசியும் வாயு மேலே சென்று கலைவதில்லை. தண்ணீரைப் போலத் தாழ்ந்த இடம் தேடிச் சென்று தேங்கும். அன்றிரவு உறக்கம் வராமல் இன்னொரு கணக்குப் போட்டேன். அப்பள்ளம் 4 மீட்டர் நீளமும் 0.9 மீட்டர் அகலமும் 1.4 மீட்டர் ஆழமும் உடையது. கனஅளவு சுமார் 5 கன மீட்டர். காற்றில் இவ்வாயு ஏறத்தாழ 2 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றும். அப்பள்ளத்தில் அது 100 லிட்டர் வாயு. எடையில் ஏறத்தாழ 200 கிராம்தான். 14.2 கிலோ உருளையில் எழுபதில் ஒரு பங்கு! நான் செருகவிருந்த பிளக்கில் ஒரு பொறி பறந்திருந்தால், பள்ளத்திலிருந்த அப்பையனின் கதி என்னவாகியிருக்கும்?

முறையான மாற்றம்

அதன்பின் மாமா ஒரு வார்த்தையும் பேசாமல், அங்கீகாரம் பெற்ற கருவிகளைப் பொருத்தும் நிலையத்துக்கு வண்டியைக் கொண்டுபோனார். அங்கே பொருத்தப்பட்ட ஒவ்வொரு கருவியின் பணியையும் கேட்டறிந்தேன்.

முதலாவது, தொட்டி. திரவம் வெப்பத்தால் விரிவதற்கு இடம் வேண்டும். எனவே 80 விழுக்காடு நிறைந்ததும் தானே அடைத்துக்கொள்ளும் வால்வு அதில் உண்டு. குழாய் அறுந்து வாயு வேகமாகப் பீறிட்டால் மூடிக்கொள்ளும் வால்வும், அழுத்தம் மிகுந்தால் திறக்கும் வால்வும் உண்டு. வால்வுகளைச் சுற்றிக் காற்றுப் புகாத பெட்டி அமைத்து, கசிவு வண்டிக்கு வெளியே செல்லக் குழாய் விட்டிருந்தார்கள். கற்பாதையில் அடிபடாதபடி தொட்டியைச் சட்டத்துக்கு மேலே பொருத்தச் சொன்னார் மாமா.

இரண்டாவது, வேப்பரைசர். சமையல் உருளையில் வாயு மேற்புறமிருந்து வரும். வாகனத் தொட்டியில் திரவம் அடியிலிருந்து எடுக்கப்படும். திரவம் ஆவியாக உள்ளுறை வெப்பம் தேவை. மணிக்கு 6 லிட்டர் செலவாகும் வண்டிக்கு இது ஏறத்தாழ 350 வாட். இவ்வெப்பம் கிடைக்காவிட்டால் கருவி உறைந்துபோகும். ஆகவே ரேடியேட்டருக்குச் செல்லும் சுடுநீரில் ஒரு பகுதியை அதனுள் சுற்றிவரச் செய்கிறார்கள். காலையில் வண்டியைப் பெட்ரோலில் கிளப்பி, நீர் சூடேறிய பிறகே வாயுவுக்கு மாற்ற வேண்டும் என்பது இதனால்தான். மாற்றும்போது முதலில் பெட்ரோலை அடைத்து, கிண்ணத்தில் எஞ்சியது தீர்ந்தபின் வாயுவைத் திறக்க வேண்டும்.

மூன்றாவது, கார்புரேட்டரின் வாயில் அமைந்த மிக்சர். காற்று குறுகிய கழுத்து வழியே விரைந்து செல்கையில் அங்கே அழுத்தம் குறைகிறது. அக்குறைவு வாயுவை இழுத்துக்கொள்கிறது. இயந்திரம் இழுத்தால்தான் வாயு வரும். இயந்திரம் நின்றால் வாயுவும் நிற்கும். இணைப்புகள் அனைத்தையும் சோப்புத் தண்ணீர் தடவிச் சோதித்தார்கள். தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது ஒருபோதும் கூடாது.

கண்ட பலன்

பதிவுச் சான்றிதழில் எரிபொருள் மாற்றத்தைப் பதிந்துகொண்டு மலையேறினோம். அந்த வளைவில் இயந்திரம் ஒருமுறைகூட இருமவில்லை. கட்டை போடும் ஆள் அன்று முதல் வண்டிக்குள் அமர்ந்தே வந்தார்.

ஆயினும் குறைகளையும் சொல்ல வேண்டும். காற்றும் வாயுவும் சேர்ந்த கலவையில் புரொப்பேன் மட்டும் 4 விழுக்காடு இடத்தை அடைத்துக்கொள்கிறது. பெட்ரோல் ஆவி அதில் பாதியளவும் அடைப்பதில்லை. பெட்ரோல் ஆவியாகும்போது உண்டாகும் குளிர்ச்சியும் இங்கு இல்லை. ஆகவே வலு சற்றுக் குறைந்தது. முன்பு இரண்டாம் கியரில் ஏறிய இடத்தில் முதல் கியர் தேவைப்பட்டது. உயர்ந்த ஆக்டேன் எண்ணின் பயன், அழுத்த விகிதம் ஏறத்தாழ 7-க்கு 1 என்றிருக்கும் அவ்வியந்திரத்தில் கிட்டவில்லை. ஈயம் கலந்த பெட்ரோலுக்கென அமைந்த பழைய இயந்திரங்களில், வெளியேற்றும் வால்வின் இருக்கை விரைவில் தேயும். அதற்குக் கடினமான உலோக வளையம் பொருத்த வேண்டியதாயிற்று. பிளக் வயர்கள் பழுதாயிருந்தால் ஏர் கிளீனர் பக்கம் வெடிச்சத்தம் கேட்கும். இவற்றைச் சரிசெய்துகொண்டு 2011ஆம் ஆண்டு விற்கும்வரை மாமா அந்த ஜீப்பை வாயுவிலேயே ஓட்டினார்.

முடிவுரை

புரொப்பேன் எளிதில் வாயுவாகும் என்பதால்தான் சரிவில் ஜீப் நிற்காமல் ஏறியது. அதே இயல்பால்தான் அது சிறு இடுக்கிலும் கசிந்து பள்ளத்தை நிறைத்தது. நன்மையும் தீமையும் ஒரே குணத்திலிருந்து வருகையில், நமக்கு உகந்ததை மட்டும் கணக்கில் எடுப்பது அறிவியல் ஆகாது.

வாயுவின் அடர்த்தி பற்றிய வினா அவ்வாண்டுக்கு முந்தைய தேர்வில் எனக்கு வந்திருந்தது. காற்றைவிட ஒன்றரை மடங்கு என்று சரியாக எழுதி இரண்டு மதிப்பெண்ணும் பெற்றிருந்தேன். பட்டறைப் பள்ளத்தின் விளிம்பில் நின்றபோது அந்த எண் என் நினைவுக்கு வரவில்லை. படிக்காத மேஸ்திரிக்கு அது தெரிந்திருந்தது. ஆண்டுதோறும் இப்பாடத்தை நடத்தும்போது, எண்ணை எழுதிவிட்டு, ‘இந்த வாயு இவ்வறையில் கசிந்தால் எங்கே போய் நிற்கும்?’ என்று மாணவர்களைக் கேட்டுவிட்டே அடுத்த பாடத்துக்குச் செல்கிறேன்.