ஸ்காண்டிநேவிய மர மேசைகளைத் தேர்ந்து சேர்த்தல்

'மேசை' என்னும் சொல்லே போர்த்துக்கீசியம் நமக்கு அளித்தது. அச்சொல் குறிக்கும் பொருளை ஓர் உயர்ந்த கலையாக வளர்த்தவர்கள் டென்மார்க், சுவீடன், பின்லாந்து ஆகிய வட ஐரோப்பிய நாட்டினர். சென்ற நூற்றாண்டின் இடைப்பகுதியில் அவர்கள் செய்த மேசைகளை இன்று பல நாட்டினர் தேடிச் சேர்க்கின்றனர். அவற்றை இனங்காண்பது எவ்வாறு என்பதை ஈண்டு ஆராய்வோம்.

1924ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் கலைக்கழகத்தில் கோரே கிளின்ட் என்பார் மரச்சாமான் வடிவமைப்புக் கல்வியைத் தொடங்கினார். மனித உடலையும் அன்றாடப் பொருள்களையும் அளந்து பார்த்த பின்னரே மாணவர் வரைபடம் வரைதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்நகரத் தச்சர் சங்கம் 1927 முதல் 1966 வரை ஆண்டுதோறும் கண்காட்சி நடத்தியது. ஃபின் யூல், ஹான்ஸ் வெக்னர் போன்றோர் அங்குதான் புகழ் பெற்றனர். பின்லாந்தின் ஆல்வார் ஆல்ட்டோ, பிர்ச் மரக்காலின் நுனியை ரேகைவாக்கில் அறுத்து, இடையே மெல்லிய தகடுகளை ஒட்டி, செங்கோணமாக வளைத்தார். சுவீடனின் புரூனோ மாத்சன் 1936இல் அமைத்த மேசையோ, மடித்தால் சுவரோரம் ஏறத்தாழ ஒரு சாண் அகலத்தில் ஒதுங்கிவிடும்.

எனக்கு மிகவும் உவப்பானவர் போர்ஜ் மொகென்சன். 1942 முதல் 1950 வரை டென்மார்க்கின் கூட்டுறவு அமைப்பில் மரச்சாமான் பிரிவுக்குத் தலைமை தாங்கி, சிறிய வீடுகளில் வாழ்ந்த எளிய குடும்பங்களுக்காக அவர் வடிவமைத்தார். அத்தகைய மேசைகள் இன்று ஏல மண்டபங்களில் செல்வர்களுக்கு விற்கப்படுவது விந்தையே.

வாங்க விரும்புவோர் முதலில் மேசையைக் கவிழ்த்துப் பார்த்தல் வேண்டும். மாணவனின் குறிப்பேட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து திருத்தத் தொடங்குவது என் வழக்கம். அவன் உண்மையான கையெழுத்து அங்குதான் இருக்கும். மேசையின் அடிப்பக்கமும் அத்தகையதே. செய்தவரின் சூட்டு முத்திரையோ ஒட்டுச்சீட்டோ அங்கே காணப்படலாம். சீட்டு உதிர்ந்திருக்கவும் கூடுமாதலின், அஃது இல்லாமை ஒன்றே போலி என்பதற்குச் சான்றாகாது.

அடுத்து, மேற்பலகையின் ரேகை விளிம்பு வரை தொடர்ந்து இறங்குகிறதா எனக் காண்க. இறங்காவிடின் அது தகடு ஒட்டிய பலகை. இதனைத் தாழ்வாகக் கருதலாகாது. அகன்ற தனிப்பலகை குளிர்கால அறை வெப்பத்தில் வெடிக்கும் என்பதனாலேயே அவ்வாறு செய்தனர். ஆனால் அத்தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இராது. நீர்க்கறையைப் போக்க எண்ணி உப்புத்தாள் கொண்டு அழுந்தத் தேய்ப்பவர், ஒரே பிற்பகலில் அடிப்பலகை தெரியுமளவு மேசையைக் கெடுத்துவிடுவர். நீட்டு மேசையின் உட்பலகைகள் வெயில் படாமையால் நிறம் வேறுபட்டிருத்தல் இயல்பு. எல்லாம் ஒரே நிறமாயின், அண்மையில் தேய்க்கப்பட்டதா என வினவுக.

மரங்களுள் தேக்கும் ஓக்கும் தொல்லையற்றவை. பிரேசில் நாட்டு ரோஸ்வுட் அவ்வாறன்று. நம் ஈட்டி மரத்தின் உறவான அம்மரம், காடழிவின் காரணமாக 1992இல் பன்னாட்டு உயிரின வணிக ஒப்பந்தத்தின் முதற் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அம்மேசையை நாடு கடத்திக் கொண்டுசெல்ல உரிமம் தேவை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விற்பதற்கும் சான்றிதழ் தேவை. மரம் 1992க்கு முன்பே பெறப்பட்டது என மெய்ப்பிக்கும் பழைய விற்பனைச் சீட்டையும் அச்சான்றிதழையும் கையில் பெற்ற பின்னரே பணம் செலுத்துதல் வேண்டும்.