அடுத்த நகரையும் கேள்

அன்பு மகளுக்கு,

உங்கள் நகர் நலச்சங்கத்துக்கு உன்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்திருப்பதாக உன் அப்பா சொன்னான். ரொம்ப சந்தோஷம். பணி ஓய்வு பெற்றவர்கள்தான் பார்க்க வேண்டும் என்று எல்லாரும் ஒதுங்கிக்கொள்ளும் பொறுப்பு அது. இந்த வயதில் நீ அதை ஏற்றுக்கொண்டது எனக்குப் பெருமை. முதல் வேலையாக மழைநீர் வடிகால் கேட்டு மாநகராட்சியில் மனுக் கொடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். கொடு. அதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு விடை தேடிக்கொள்: அந்த வடிகால் தண்ணீரை எங்கே கொண்டுபோய் விடப்போகிறது?

நீ இருப்பது தாம்பரம் பக்கத்துச் செம்பாக்கத்தில். சிட்லபாக்கம் ஏரி நிறைந்தால் உபரிநீர் செம்பாக்கம் ஏரிக்கு வரும். செம்பாக்கம் நிறைந்தால் நன்மங்கலம், பிறகு கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். ஒன்று நிறைந்து அடுத்ததற்கு வழியும்படி அமைந்த ஏரிகள் இவை. இவற்றை இணைத்த கால்வாய்களின் ஓரத்திலும், சில இடங்களில் கால்வாயின் மேலேயும்தான் நம் நகர்கள் எழும்பின. நகருக்கு ஒரு சங்கம், ஒரு தலைவர், ஒரு பெயர்ப்பலகை. மனைப்பிரிவு போட்டவர் கிழித்த கோடுதான் இன்றைக்கும் சங்கத்தின் எல்லை. தண்ணீர் இறங்கும் சரிவோடு அந்தக் கோடு எங்கேயும் பொருந்துவதில்லை.

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அப்படிப்பட்ட இரவுகளில் நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். மேட்டில் இருப்பவர்கள் தேங்கிய தண்ணீரை வெளியேற்றச் சாலையை வெட்டிவிடுவார்கள். பள்ளத்தில் இருப்பவர்கள் மணல் மூட்டை அடுக்கி மறிப்பார்கள். வாய்ச்சண்டை முற்றிப் போலீஸ் வரும். இரு பக்கமும் நல்ல மனிதர்கள்தான். இரு பக்கமும் ஒழுங்காக நடக்கும் சங்கங்கள்தான். தன் நகரைக் காப்பது என்ற வேலையை ஒவ்வொன்றும் சரியாகச் செய்ததால் வந்த சண்டை அது. உனக்கு நான் சொல்ல நினைப்பதே இதுதான். சங்கம் எவ்வளவு திறமையாக நடந்தாலும், பக்கத்துச் சங்கத்தோடு பேசாமல் நடந்தால், அதன் வெற்றி அடுத்த தெருவில் துன்பமாகப் போய் இறங்கும்.

சாலை விஷயமும் அப்படித்தான். பழைய தாரின் மேலேயே புதுத் தாரைப் போட்டுப் போட்டு, படியேறிப் போன வீடுகளுக்கெல்லாம் இப்போது படியிறங்கிப் போகிறோம். பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டார். அந்த உத்தரவை உன் கோப்பில் வைத்துக்கொள். உங்கள் சாலை உயர்ந்தால் தண்ணீர் உங்களை விட்டுப் போகும் என்று சொல்லிக் கூட்டத்தில் யாராவது கைதட்டல் வாங்குவார்கள். அது பக்கத்து நகரின் வாசலுக்குள் போகும் என்று எழுந்து சொல்ல வேண்டியவள் நீ.

இனி செய்ய வேண்டியது. உனக்கு மேலேயும் கீழேயும் இருக்கும் நகர்களின் செயலாளர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டிக்கொண்டு, ஏரியின் கலங்கலில் தொடங்கித் தண்ணீர் போகும் வழியிலேயே நடந்து போ. கையில் கிராம வரைபடம் இருக்கட்டும். ஓடைப் புறம்போக்கு என்று பதிவான நிலம் எந்தப் புல எண்ணில் இருக்கிறது, இன்று அங்கே என்ன நிற்கிறது, சிறுபாலத்தின் அடியில் எவ்வளவு மண் மூடியிருக்கிறது, எந்த இடத்தில் கழிவுநீர்க் குழாயை வடிகாலில் சொருகியிருக்கிறார்கள் என்று எல்லாரும் சேர்ந்து குறித்துக்கொள்ளுங்கள். சேர்ந்து நடந்தவர்களுக்குள் பிறகு அவ்வளவு சுலபமாகச் சண்டை வராது.

அலுவலகங்களில் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள். பெரிய ஏரியும் அதன் உபரிநீர்க் கால்வாயும் நீர்வளத் துறையிடம் இருக்கும். தெரு வடிகால் மாநகராட்சியுடையது. பெருஞ்சாலையை ஒட்டிய வடிகாலும் அதன் குறுக்கே போகும் பாலமும் நெடுஞ்சாலைத் துறையுடையது. ஒற்றை நகரின் மனுவை இந்த மூன்று இடங்களுக்கும் மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். நீரோட்டம் முழுவதையும் காட்டும் ஒரே வரைபடத்தில் பத்து நகர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்தால், 'இது எங்கள் எல்லை இல்லை' என்ற பதிலுக்கு இடமில்லை. மூன்று துறைப் பொறியாளர்களையும் ஒரே நாளில் அந்த இடத்துக்கு வரச் சொல்லிக் கேள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 30 நாளில் பதில் தர வேண்டும். மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கும் எல்லாருமாகப் போங்கள்.

உங்கள் பகுதிக்கு இன்னொரு வசதியும் உண்டு. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. சிட்லபாக்கமும் செம்பாக்கமும் முன்பு வெவ்வேறு உள்ளாட்சிகள். இன்று ஒரே மாநகராட்சி. நிர்வாகம் ஒன்றாகிவிட்டது, சங்கங்கள் இன்னும் ஒன்றாகவில்லை. 2022-இல் வந்த விதிகளின்படி வார்டுக் குழுவும் பகுதி சபையும் அமைக்கப்பட்டிருக்கின்றன. பகுதி சபையில் போய் உட்கார். ஒரே கோரிக்கையை ஒவ்வொரு வார்டின் பகுதி சபையிலும் அந்தந்த நகர்க்காரர்கள் எழுப்பினால், அது மாமன்றத்தில் பேசப்படும் விஷயமாகிவிடும். 'நமக்கு நாமே' திட்டத்தில் பொதுமக்களும் செலவில் ஒரு பங்கை ஏற்க வேண்டியிருக்கும். ஒரு சங்கத்தால் திரட்ட முடியாத அந்தத் தொகையை, பல சங்கங்கள் பகிர்ந்துகொண்டால் திரட்டிவிடலாம்.

இப்படிப் பல சங்கங்கள் சேரும் கூட்டமைப்பு, தலைவர் யார் என்பதில்தான் பெரும்பாலும் உடையும். அதனால் நிரந்தரத் தலைவரே வேண்டாம். முறைவைத்து மாற்றிக்கொள்ளுங்கள், கூட்டத்தையும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு நகரில் வையுங்கள். அறுநூறு வீட்டு நகருக்கும் நாற்பது வீட்டு நகருக்கும் ஒரே ஓட்டு. பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கு. வாட்ஸ்அப் குழு செய்தி சொல்ல உதவும், முடிவெடுக்க உதவாது. சங்கப் பதிவு, பொதுக்குழு, வருடக் கணக்குத் தாக்கல், இவற்றில் தவணை தப்பாமல் பார்த்துக்கொள். கணக்குத் தாக்கல் தவறிய சங்கத்தின் மனுவை ஓரம்கட்டுவது எந்த அலுவலகத்துக்கும் எளிது.

கடைசியாக ஒன்று, மனத்தில் பாரமாகவே இருப்பது. பல நகர்ச் சங்கங்களில் வாடகைக்குக் குடியிருப்பவருக்கு உறுப்பினர் உரிமை கிடையாது. வெள்ளம் வரும்போது தரைத்தளத்தில் முதலில் நனைவது பெரும்பாலும் அவர்கள் பாய்தான். ஓடையோரக் குடிசைக்காரர்களையோ 'ஆக்கிரமிப்பு' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அதே ஓடையின் மேல் மதில் கட்டிய பெரிய மனைகளின் பெயர் மனுவில் வருவதே இல்லை. உன் சங்கத்தில் அந்த வழக்கம் வேண்டாம். வாடகைக்காரர்களைப் பொதுக்குழுவுக்குக் கூப்பிடு. குடிசைப் பகுதியிலிருந்து இரண்டு பேரையாவது, அதிலும் பெண்களை, கூட்டமைப்பில் உட்காரவை. உங்கள் வடிகாலில் இறங்கித் தூர் வாரும் தூய்மைப் பணியாளரிடம் எங்கே அடைக்கிறது என்று கேள். பொறியாளரின் வரைபடத்தில் இல்லாத தகவல் அவரிடம் இருக்கும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும். மழை தொடங்கிய பிறகு கூட்டினால் கோபம்தான் பேசும். ஆடி முடிவதற்குள் பக்கத்து நகர்க்காரர்களை உங்கள் வீட்டு மாடிக்கு அழைத்து முதல் கூட்டத்தை நடத்திவிடு. நானும் வருகிறேன்.

உன் பெரியப்பா