ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு: எது கூட வரும், எது வராது?

பிளேஸ்மென்ட் முடிந்து ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் நம்ம ஃபைனல் இயர் பசங்க நிறைய பேர் சொல்ற முதல் டயலாக், "முதல் சம்பளத்துல ஐபோன்தான்டா!" எந்த மாடல், எவ்வளவு இ.எம்.ஐ., எந்தக் கடையில் ஆஃபர் என்று எல்லாம் விசாரிச்சு வெச்சிருப்பாங்க. ஆனால் நாலு வருஷமாகப் பழைய போனில் சேர்ந்ததெல்லாம் புது போனுக்கு எப்படிப் போகும் என்பதைக் கடைசி நாள் வரைக்கும் யாரும் யோசிப்பதில்லை. பழைய போனை ரீசெட் செய்து எக்ஸ்சேஞ்சில் கொடுத்த பிறகு யோசித்தால், தாத்தா அனுப்பிய வாய்ஸ் நோட் திரும்பி வராது.

அதனால் வாங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: என் டேட்டா எங்கே இருக்கிறது, எந்த ஃபார்மட்டில் இருக்கிறது? இதற்கு விடை தெரிந்தால் எந்த பிளாட்ஃபாரத்திலிருந்து எதற்கு வேண்டுமானாலும் மாறலாம்.

மூன்று பெட்டிகள்

உங்கள் போனில் இருப்பதை மூன்று பெட்டிகளாகப் பிரிக்கலாம்.

முதல் பெட்டி, பொதுவான தரத்தில் இருப்பவை. கான்டாக்ட்ஸுக்கு வி-கார்டு (ஆர்.எஃப்.சி. 6350, 2011), காலண்டருக்கு ஐ-காலண்டர் (ஆர்.எஃப்.சி. 5545, 2009) என்று எல்லா கம்பெனிகளும் படிக்கக்கூடிய தரங்கள் இருக்கின்றன. அதனால் இவை சிரமமில்லாமல் போய்ச் சேரும். ஒன்றை மட்டும் பாருங்கள்: நம்பர்கள் கூகுள் அக்கவுன்ட்டில் சேவ் ஆகியிருக்கிறதா, அல்லது போனில் மட்டுமா?

இரண்டாவது பெட்டி, சர்வரில் இருப்பவை. மெயில், டிரைவ், கூகுள் போட்டோஸ் மாதிரி. புது போனில் லாகின் செய்தால் போதும். ஆனால் பிளே ஸ்டோரில் காசு கொடுத்து வாங்கிய ஆப் ஆப்பிள் பக்கம் வராது. அங்கே தனியாக வாங்க வேண்டும்.

மூன்றாவது பெட்டிதான் ஆபத்தானது: போனில் மட்டுமே இருப்பவை. வாட்ஸ்அப் சாட், ஆத்தென்டிகேட்டர் கோடுகள், வாய்ஸ் ரெக்கார்டிங், டவுன்லோட் ஃபோல்டரில் கிடக்கும் பி.டி.எஃப். நோட்ஸ் எல்லாம் இதில் வரும்.

நம்பர் போகும், சாட் ஏன் போகாது?

2011 ஜனவரி 20 முதல் இந்தியா முழுக்க மொபைல் நம்பர் போர்ட்டபிலிட்டி நடைமுறையில் இருக்கிறது. நெட்வொர்க்கை மாற்றினாலும் நம்பர் நம்மிடமே இருக்கும். ஆனால் சாட் விஷயம் வேறு. 2016 ஏப்ரலிலிருந்து வாட்ஸ்அப்பில் எல்லா மெசேஜும் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷனில் போகின்றன. டெலிவரி ஆன மெசேஜை சர்வர் வைத்துக்கொள்வதில்லை. உங்கள் பழைய பேச்சு இருக்கும் இடம் உங்கள் போன்தான். புது போனில் அதே நம்பரில் லாகின் செய்தால் குரூப்கள் வரும், உள்ளே பழைய பேச்சு இருக்காது.

சரி, பேக்அப் இருக்கிறதே என்று கேட்கலாம். ஆண்ட்ராய்டில் பேக்அப் கூகுள் டிரைவுக்குப் போகும், ஐபோனில் ஐ-கிளவுடுக்குப் போகும். ஒன்றின் பேக்அப்பை மற்றொன்றால் ரீஸ்டோர் செய்ய முடியாது. இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு போனிலும் வாட்ஸ்அப் சாட்டை வைத்திருப்பது நம்ம டி.பி.எம்.எஸ். லேபில் பார்த்த மாதிரியான எஸ்க்யூலைட் டேட்டாபேஸில்தான். என்ஜின் ஒன்று, ஸ்கீமா வேறு. டேபிள் வேறு, காலம் வேறு. இதை அதற்கு மேப் செய்யும் வேலையை யாராவது செய்ய வேண்டும்.

வாட்ஸ்அப் வந்தது 2009-ல். ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்குச் சாட்டைக் கொண்டுபோக அதிகாரபூர்வ வழி வந்தது 2021-ல், அதுவும் முதலில் சாம்சங் போன்களுக்கு. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு 2022-ல்தான். பன்னிரண்டு வருஷம் ஆகும் அளவுக்கு இது கஷ்டமான கோடு என்று நான் நினைக்கவில்லை. பொருளாதாரத்தில் இதற்கு ஸ்விட்ச்சிங் காஸ்ட் என்று பெயர்: மாறுவது எவ்வளவு தொல்லையோ, வாடிக்கையாளர் அவ்வளவு நாள் அங்கேயே இருப்பார். 1990-களின் கடைசியிலேயே கார்ல் ஷபீரோவும் ஹால் வேரியனும் இதைப் பற்றி ஒரு புத்தகத்தில் விரிவாக எழுதினார்கள். அந்த வேரியன் பிறகு கூகுளின் தலைமைப் பொருளாதார வல்லுநர் ஆனார்!

மாறும்போது செய்ய வேண்டிய வரிசை

1. ஐபோன் பெட்டியைப் பிரித்ததும் அவசரப்பட்டு செட்அப்பை முடிக்காதீர்கள். வாட்ஸ்அப் சாட் வர, ஐபோன் புதிதாகவோ ரீசெட் ஆனதாகவோ இருக்க வேண்டும். முடித்துவிட்டால் எல்லாவற்றையும் அழித்துத் திரும்ப ஆரம்பிக்க வேண்டியதுதான்.

2. பழைய போனில் ஆப்பிளின் 'மூவ் டு ஐ.ஓ.எஸ்.' ஆப்பை இன்ஸ்டால் செய்யுங்கள். இரண்டு போனையும் சார்ஜரில் போடுங்கள். ஐபோன் காட்டும் கோடை ஆண்ட்ராய்டில் டைப் செய்து, வரும் லிஸ்ட்டில் வாட்ஸ்அப்பை மறக்காமல் டிக் செய்யுங்கள்.

3. புது போனில் அதே நம்பரில் வாட்ஸ்அப் லாகின். சாட், போட்டோ, வாய்ஸ் நோட் வந்துவிடும்; கால் ஹிஸ்டரி வராது.

4. ஆத்தென்டிகேட்டரைப் பழைய போன் கையில் இருக்கும்போதே மாற்றுங்கள். கூகுள் ஆத்தென்டிகேட்டரில் க்யூ.ஆர். கோடு வழியாக எக்ஸ்போர்ட் செய்யலாம். பேக்அப் கோடுகளைப் பேப்பரிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

5. யு.பி.ஐ. ஆப் உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பி, அந்த போனோடு அக்கவுன்ட்டைப் பிணைக்கிறது. போன் மாறினால் திரும்பப் பதிவு செய்ய வேண்டும். பாதுகாப்புக்காக முதல் 24 மணி நேரம் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. ஐபோனில் இன்னும் அதிக நேரம் நிறுத்தி வைக்கும் வங்கிகளும் உண்டு. செமஸ்டர் ஃபீஸ் கட்டும் வாரத்தில் போன் மாற்றாதீர்கள்.

6. பழைய போனை இரண்டு வாரமாவது வைத்திருங்கள். முடியாவிட்டால், முக்கியமான நாலு சாட்டைத் திறந்து முதல் மெசேஜ் வரை இருக்கிறதா என்று பார்த்த பிறகே ரீசெட்.

எதிர்த் திசையில் போகிறவர்களுக்கு ஒரு வரி: ஐபோனிலிருந்து சிம்மைக் கழற்றும் முன் ஐ-மெசேஜை ஆஃப் செய்யுங்கள். இல்லையென்றால் மற்ற ஐபோன்காரர்கள் அனுப்பும் மெசேஜ் பழைய இடத்துக்கே போகலாம். மறந்தவர்களுக்காக ஆப்பிள் 2014-ல் ஒரு வெப் பேஜே திறந்தது.

நாம் எழுதப்போகும் கோடு

ஐரோப்பாவில் 2018 மே முதல் நடைமுறையில் உள்ள ஜி.டி.பி.ஆர். சட்டத்தின் 20-வது பிரிவு, தன் டேட்டாவை எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போகும் உரிமையைக் கொடுக்கிறது. நம் நாட்டில் 2019 மசோதாவில் அந்த உரிமை இருந்தது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அது இல்லை. நம்பருக்குக் கிடைத்த விடுதலை டேட்டாவுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இன்னும் சில மாதங்களில் நம்மில் பலர் ஏதாவது ஒரு ஆப்புக்கு கோடு எழுதிக்கொண்டிருப்போம். டெட்லைன் நெருங்கினால் எக்ஸ்போர்ட் பட்டனை "அடுத்த ரிலீஸில் பார்த்துக்கலாம்" என்று தள்ளி வைப்பது ரொம்ப ஈஸி. உங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்டிலேயே அந்தப் பட்டனை வைத்துப் பாருங்களேன். யூசர் தன் டேட்டாவை சி.எஸ்.வி.-யிலோ ஜேசனிலோ எடுத்துக்கொண்டு போகட்டும். ஒரு நாள் வேலைதான்.

அதற்கு முன் இன்றைக்கு ராத்திரி ஒரு ஹோம்வொர்க்: உங்கள் போனைத் திறந்து மூன்றாவது பெட்டியில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு லிஸ்ட் போடுங்கள். போன் மாற்றும் எண்ணமே இல்லாதவர்களும் போடுங்கள். போன் பஸ்ஸில் தொலைந்துபோனாலும் போகப்போவது அதே லிஸ்ட்தான்.